மாணிக்கமாலையிற் காதலும் நகையும்

வடமொழி நாடகங்களுள் ஈழத்து அரசிளங்குமரி ஒருத்தியைத் தலைவியாகக் கொண்டு எழுந்தது இரத்தினாவளி. கி.பி. 606 முதல் 647 வரை வடஇந்தியாவிற் பேரரசு செலுத்திய ஹர்ஷவர்த்தனன் பெயரால் வழங்கும் மூன்று நாடகங்களுள் அது ஒன்று. பருத்தித்துறையைச் சார்ந்த புலோலியிலே 1903ஆம் ஆண்டிற் பிறந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அதனைத் தமிழாக்கி, 'மாணிக்கமாலை' என்னும் பெயரோடு 1952இல் வெளியிட்டார். இரத்தினாவளி என்பதற்கு மணிகளின் கோவை என்பதே பொருள். ஆகவே பெயரளவிலேயே நாடகம் தமிழாடை புனைந்துகொண்டது எனலாம்.

இத் தெரிவு சிலருக்கு வியப்பூட்டலாம். 1947இல் விபுலாநந்த அடிகளாருக்குப் பின் இலங்கைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த கணபதிப்பிள்ளையை நாடக உலகம் அறிந்திருந்தது வேறொரு வகையில். 1940இல் வெளிவந்த 'நானாடகம்' என்ற தொகுதியிலே 'உடையார் மிடுக்கு' முதலாய நான்கு நாடகங்களை யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் எழுதியவர் அவர். மேடையில் நிற்கும் மாந்தர் வீட்டிலும் ஒழுங்கையிலும் தாம் பேசும் தமிழையே பேசவேண்டும் என்பது அவர் கொள்கை. அத்தகையவர் மன்னனும் தேவியும் அமைச்சனும் உலாவுகின்ற ஓர் அரண்மனை நாடகத்தை ஏன் கையிலெடுத்தார்?

மூலத்தின் மொழியமைப்பை நோக்கினால் விடையின் ஒரு பகுதி புலனாகும். வடமொழி நாடகங்களில் எல்லாரும் வடமொழி பேசுவதில்லை. மன்னனும் அமைச்சனும் வடமொழி பேச, தேவியும் தோழியரும் விதூடகனும் பாகதம் பேசுவர். இரத்தினாவளியிலும் காதலன் பேசுவது ஏட்டு மொழி. காதலி பேசுவது வீட்டு மொழி. பேச்சு வழக்கையும் மொழி வரலாற்றையும் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்ட ஒருவர் இந் நாடகத்தினிடத்தே ஈர்க்கப்பட்டதில் வியப்பில்லை. மற்றொரு பகுதி கதையினுள்ளே கிடக்கின்றது. கிரீடங்களைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தால் இது ஒரு வீட்டு நாடகம். வீட்டுக்காரன் ஒருவன், கூர்ந்த கண்ணுடைய மனைவி ஒருத்தி, எங்கிருந்தோ வந்து அவ்வீட்டிலே வேலை செய்யும் பெண் ஒருத்தி, ஒட்டுக்கேட்கும் பணிப்பெண்கள், வாய் அடங்காத நண்பன் ஒருவன் என இவர்களே அதன் மாந்தர். வடமராட்சியிலே பகிடி என்று சொல்லப்படுவதற்கு வேண்டிய அனைத்தும் அங்கே உண்டு.

கதையின் முன்வரலாற்றை அமைச்சன் யௌகந்தராயணன் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகின்றான். தமிழ்ப் பெருங்கதையிலே யூகி என வருபவன் இவனே. சிங்களத் தீவின் மன்னன் விக்கிரமபாகுவின் மகள் இரத்தினாவளியை மணப்பவன் உலகு முழுதாளும் பேரரசனாவான் என்று சித்தர் ஒருவர் கூறக் கேட்டு, தன் தலைவனாகிய கௌசாம்பி மன்னன் உதயணனுக்கு அவளைக் கேட்டு விடுத்தான். (ஏழாம் நூற்றாண்டில் ஈழத்தை ஆண்ட மன்னருள் விக்கிரமபாகு என்ற பெயருடையோர் இலர், பெயர் புனைவே.) உதயணன் தேவி வாசவதத்தைக்கு விக்கிரமபாகு தாய்மாமன். மருமகளின் மனம் நோகும் என அஞ்சிய அவன் மகளைக் கொடுக்க மறுத்தான். அமைச்சனோ தேவி இலாவாணகத்திலே தீயில் மாண்டாள் என்ற பொய்ச்செய்தியைப் பரப்பினான். செய்தியை நம்பி மன்னன் மகளைக் கப்பலேற்றினான். கப்பல் நடுக்கடலில் உடைந்தது. பலகை ஒன்றைப் பற்றி மிதந்தவளைச் சிங்களத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த கௌசாம்பி வணிகன் ஒருவன் காப்பாற்றினான். கழுத்திற் கிடந்த மாணிக்கமாலையே அவள் உயர்குடியினள் என்பதற்குச் சான்றாயிற்று. அமைச்சன் உண்மையை மறைத்து, கடலிற் கிடைத்தவள் என்று பொருள்படச் சாகரிகை எனப் பெயரிட்டு அவளைத் தேவியிடமே ஒப்படைத்தான். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் ஏறிவந்த பருத்தித்துறைக் கரையிலே அப்பெயர் வெறுங் கதைப்பெயராக ஒலியாது.

இனிக் காதலைக் காண்போம். இந் நாடகத்திற் காதலர் இருவர் நேருக்கு நேர் நின்று உரையாடும் நேரம் மிகச் சிறிது. அவர்களுடைய காதல் ஏறக்குறைய முழுவதும் இன்னொன்றின் வாயிலாகவே நடைபெறுகின்றது.

முதலங்கத்தில் வசந்த விழா. நகரமெங்கும் வண்ணப்பொடி பறக்கின்றது. தேவி அசோக மரத்தடியிலே காமவேளுக்குப் பூசை செய்யப் புறப்படுகின்றாள். பணிப்பெண்களிடையே சாகரிகையைக் கண்டதும், மன்னன் கண்ணில் இவள் பட்டுவிடலாகாதே என்று எண்ணி, நாகணவாய்ப் பறவையைப் பார்த்துக்கொள்ளும்படி அவளை அனுப்பிவிடுகின்றாள். ஆக, ஐயம் முதலில் எழுந்தது தேவியின் நெஞ்சிலே. மன்னனுக்கு அப்போது அப்படியொரு பெண் இருப்பதே தெரியாது. சாகரிகை பறவையைத் தோழியிடம் கொடுத்துவிட்டு, தன் தந்தையின் அரண்மனையிற் போலவே இங்கும் காமன் விழா நடக்கின்றதா என்று பார்க்க மறைந்து நிற்கின்றாள். அங்கே பூசையை ஏற்கும் உதயணனைக் கண்டு, இந்நாட்டிலே காமவேள் உருவோடு வந்து பூசை பெறுகின்றான் போலும் என மயங்கித் தானும் மலர் தூவி வணங்குகின்றாள். மாலைப்பொழுது வந்ததென அறிவிக்கும் பாடகன் உதயணன் பெயரைக் கூறிய பின்னரே, தந்தை தன்னை யாருக்கெனக் கொடுத்தானோ அவனே இவன் என்பது அவளுக்குத் தெரிகின்றது.

ஏதிலான் ஒருவன்மேல் எழுந்த ஆசையன்று இது என்பதை ஆசிரியர் இவ்விடத்தே நுட்பமாக நிலைநாட்டிவிடுகின்றார். உரிமை முன்னரே உண்டு. உரிமையைச் சொல்ல வாய் இல்லை. தான் யாரென்று ஒருசொற் கூறினால் அவளுடைய துன்பமெல்லாம் தீரும். அடிமையாய் நிற்கும் நிலையிலே அச்சொல்லைக் கூற நாணம் விடவில்லை. நகைச்சுவை நாடகம் என்று பேர்பெற்ற ஒன்றின் அடியிலே இந்த ஊமைத் துயரம் கடைசிவரை ஓடுகின்றது.

இரண்டாம் அங்கம் நாடகத்தின் நகைக்களஞ்சியம். வாழைப் பந்தரிலே தனித்திருந்து சாகரிகை மன்னனுருவைப் பலகையில் வரைகின்றாள். தோழி சுசங்கதை வந்து யாரென வினவ, விழாவுக்குரிய காமன் என்கின்றாள். அப்படியானால் அருகில் இரதி இல்லாமற் படம் வெறிச்சென்றிருக்கின்றதே என்று சொல்லி, தோழி தூரிகையை வாங்கிச் சாகரிகையையே பக்கத்தில் வரைந்துவிடுகின்றாள்! தமிழ் அகப்பாடல்களிலே தலைவி மறைப்பதைத் தோழி அறிந்து வெளிப்படுத்தும் துறைகளைக் கற்றோர் இதன் இனிமையை எளிதில் உணர்வர். ஆண்டுத் தோழி சொல்லாற் செய்வதை ஈண்டுத் தோழி தூரிகையாற் செய்கின்றாள்.

அதற்குள் இலாயத்துக் குரங்கு கட்டறுத்துக்கொண்டு வர, பெண்கள் வெருண்டோடுகின்றனர். கூடு திறந்து நாகணவாய் பறந்துபோய், கேட்ட உரையாடலை எல்லாம் மரக்கொம்பிலிருந்து திருப்பிச் சொல்லத் தொடங்குகின்றது. அவ்வழியே வந்த விதூடகன் வசந்தகன் மரத்திலே பேய் பேசுகின்றதென்று நடுங்குகின்றான். பின்னர், எட்டாத ஒருவன்மேல் மனம் வைத்ததை எண்ணிப் புலம்பிய பாட்டைப் பறவை ஓத, நான்மறை கற்ற அந்தணன் போல இது மந்திரம் சொல்கின்றதே என்று வியக்கின்றான். மந்திரமன்று, ஒரு பெண்ணின் காதற்பாட்டு என்று மன்னன் திருத்தவேண்டியிருக்கின்றது. வசந்தகன் விழுந்து விழுந்து சிரித்த சிரிப்பிலே பறவை பறந்துபோய்விடுகின்றது.

நகை தோன்றும் இடங்களைத் தொல்காப்பியர் நான்காக வகுத்தார்: பிறரை இகழ்தல், இளமையின் குறும்பு, அறிவு போதாமை, எதையும் எளிதில் நம்பும் தன்மை. இவ்வொரு காட்சியில் நான்கும் ஒருங்கே வந்து கூடுகின்றன. எனினும் அரங்கிலுள்ளோர் சிரிக்கும் அதே வேளையில் ஒன்று நிகழ்ந்துவிடுகின்றது. ஒரு பெண் தன் தோழிக்கு மட்டும் சொன்ன உள்ளக்கிடக்கை, பொருளறியாத ஒரு பறவையின் அலகிலிருந்து, யார் கேட்கக்கூடாதோ அவன் காதிலேயே விழுகின்றது. சாகரிகை ஒருபோதும் தன் வாயாற் சொல்லியிருக்கமாட்டாள். மன்னன் காதல் கொள்வது முதலில் ஒரு குரலோடு. பிறகு ஒரு படத்தோடு. அதன்பின்னரே ஒரு பெண்ணோடு.

சுசங்கதையின் சூழ்ச்சியால் இருவரும் எதிர்ப்பட, மன்னன் அவள் கையைப் பற்றுகின்றான். சினந்து நிற்கும் சாகரிகையின் முகத்தைப் பார்த்து, இவள் இன்னொரு வாசவதத்தைதான் என்று வசந்தகன் வேடிக்கையாகச் சொல்லுகின்றான். தேவியின் பெயர் காதில் விழுந்ததுதான் தாமதம், மன்னன் நடுங்கிக் கையை விட்டுவிடுகின்றான். பேரரசனாகப் போகின்றவனின் வீரம் இவ்வளவே. வெறும் பெயருக்கே இந்த நிலை என்றால், அடுத்த கணம் தேவியே வந்து நிற்க, வசந்தகன் கக்கத்தில் ஒளித்த படம் நழுவி அவள் முன் விழுந்தபோது அவன் பட்ட பாட்டைச் சொல்லவேண்டியதில்லை. தலை நோகின்றது என்று கூறித் தேவி அகன்றுவிடுகின்றாள். அரங்கு சிரிக்கின்றது. அவளுக்கு உண்மையிலேயே தலை நொந்திருக்கலாம் என்பதை அச்சிரிப்பினிடையே நினைப்பவர் சிலரே.

மூன்றாம் அங்கத்தில் ஆசிரியரின் ஆற்றல் முழுமையாக வெளிப்படுகின்றது. படத்தைக் கண்ட நாள்முதல் தேவி சாகரிகையைச் சுசங்கதையின் காவலில் வைத்திருக்கின்றாள். காவல் செய்வாய் என நம்பித் தன் உடைகளையும் அவளுக்குப் பரிசாக அளித்திருக்கின்றாள். அந்த உடையைக்கொண்டே சாகரிகையைத் தேவியாக வேடம் புனைவித்து, மாலைப்பொழுதிலே மன்னனிடம் அழைத்துவருவதெனத் தோழியும் விதூடகனும் திட்டமிடுகின்றனர். இதனை ஒட்டுக்கேட்ட பணிப்பெண் காஞ்சனமாலை தேவியிடம் கூறிவிடுகின்றாள். குறித்த இடத்துக்குத் தேவியே போகின்றாள். தேவியைப் போல உடுத்த சாகரிகை என்று எண்ணி, உண்மைத் தேவியிடம் மன்னன் காதல்மொழி பேசுகின்றான்!

ஆள்மாறாட்டம் உலக நகைநாடகங்களுக்கெல்லாம் பொதுவான உத்தி. இங்கே அது செய்யும் வேலை வேறு. முக்காட்டினுள்ளே நிற்கும் மனைவி, கணவன் இன்னொருத்தியை நோக்கிக் கூறும் புகழுரைகளைக் கேட்கின்றாள். முகத்தைத் திங்கள் என்கின்றான், கண்களைக் குவளை என்கின்றான். இத்தகைய சொற்களை அவளும் ஒருகாலத்திலே கேட்டிருப்பாள். போதாக்குறைக்கு, எப்போதும் சினந்து கிடக்கும் தேவியின் சுடுசொற்களாற் கசந்துபோன காதுக்கு நல்ல சொல் கொடுங்கள் என்று வசந்தகன் அவளையே வேண்டுகின்றான். கதையோட்டத்தில் ஒரு வேடிக்கைதான். ஆனால் தான் இல்லாத இடத்திலே தன்னைப்பற்றி என்ன பேசுகின்றனர் என்பதை ஒரு மனைவி நேரிற் கேட்பதிலும் கொடியது உண்டோ? அவள் முக்காட்டை நீக்குகின்றாள். மன்னன் காலில் விழுகின்றான். அவள் பொருட்படுத்தாது செல்கின்றாள்.

தமிழ் மரபிலே இது மருதத்து ஊடல். பரத்தையர் சேரியிலிருந்து மீளும் தலைவன், வாயில் மறுக்கும் தலைவி, இடையே பொய்யுரைக்கும் பாணன் என்னும் இம்மூவரையும் உதயணன், வாசவதத்தை, வசந்தகன் ஆகியோரில் அடையாளங் காணலாம். வேறுபாடும் பெரிது. மருதப்பாடலிலே மற்றவள் வீட்டுக்கு வெளியே இருக்கின்றாள். இங்கோ அவள் தேவியின் சொந்தப் பணிப்பெண். தேவி உடுத்துக் களைந்த ஆடையிலே நிற்பவள். மருதப்பாடல் தலைவியின் புண்பட்ட நெஞ்சையே பெரும்பாலும் காட்டும். இந் நாடகமோ இருவர் நெஞ்சையும் அருகருகே வைத்துக் காட்டுகின்றது. அதனாலேயே யார் பக்கம் நிற்பதென்று தெரியாமற் காண்போர் தடுமாறுகின்றனர்.

தேவி எல்லாம் அறிந்துவிட்டாள் என்று கேட்ட சாகரிகை, அந்த ஆடையோடேயே அசோக மரத்துக்குச் சென்று குருக்கத்திக் கொடியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுகின்றாள். தொலைவில் நிற்கும் மன்னன் தேவிதான் உயிர்விடத் துணிந்தாள் என்று எண்ணிப் பதறி ஓடிவந்து கொடியை அறுக்கின்றான். உதயணன்மேல் வெறுப்புக் கொண்டோர் இக்காட்சியை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப்பார்க்கவேண்டும். அவன் ஓடியது மனைவியைக் காப்பாற்றவே. அவ்வோட்டத்திலே நடிப்பு இல்லை. காப்பாற்றிய பின் முகத்தைக் கண்டு, சாகரிகை என்று அறிந்து அவன் கொண்ட மகிழ்ச்சியிலும் நடிப்பு இல்லை. இருவரையும் மெய்யாக நேசித்து, இருவரிடமும் மெய் பேச அஞ்சுகின்ற ஒரு சாதாரண மனிதன் அவன்.

அவ்வேளை தேவி திரும்பி வருகின்றாள். காலில் விழுந்த கணவனை உதறிச் சென்றது தகாதென்று மனம் இளகி, தானே சமாதானம் செய்யலாம் என்று வருகின்றாள். வந்தவள் காண்பது என்ன! வசந்தகனைக் கொடியாற் கட்டுவித்து, சாகரிகையையும் சிறைகொண்டு போகின்றாள். விட்டுக்கொடுக்க வந்த கணத்திலேயே மீண்டும் அடிபடச் செய்த இவ்விடத்தே ஆசிரியர் சற்றுக் கொடியவராகவே நடந்துகொள்ளுகின்றார். நகைநாடகத்தின் தேவை அது, தேவியின் தேவையன்று.

தமிழ்க் கதை மரபிலும் இதற்கு இணை உண்டு. கொங்குவேளிர் பாடிய பெருங்கதையிலே கோசல அரசன் மகள் மானனீகை தன் குலத்தை மறைத்து வாசவதத்தையிடம் பணிப்பெண்ணாய் இருக்கின்றாள். உதயணன் அவள் நெற்றியிலே யவன எழுத்தாற் செய்தி எழுதிக் களவு வளர்க்கின்றான். தேவி கண்டுபிடித்து அவள் கூந்தலைக் கொய்யும்படி ஆணையிடுகின்றாள். ஈற்றில் மானனீகை தேவிக்குத் தங்கை முறையினள் என்று தெரியவர எல்லாம் மணத்தில் முடிகின்றது. அங்கு உறவு தெரிந்த பிறகு சினம் தணிகின்றது. ஹர்ஷன் இவ்வரிசையை மாற்றியிருக்கின்றார்.

நான்காம் அங்கத்திலே உச்சயினியிலிருந்து வந்த மாயவித்தைக்காரன் ஒருவன் வானத்திலே தேவர்களைக் காட்டி வேடிக்கை செய்கின்றான். கப்பலுடைவிலிருந்து தப்பிய சிங்கள அமைச்சன் வசுபூதி அரண்மனைக்கு வந்து, வசந்தகன் கழுத்திற் கிடக்கும் மாலையைக் கண்டு ஐயுறுகின்றான். உயிர்வாழ்வில் நம்பிக்கையிழந்த சாகரிகை தோழி மூலம் கொடுத்தனுப்பிய மாலை அது. இளவரசி கடலில் மாண்டாள் என்று அவன் கூறிக்கொண்டிருக்கும்போதே அந்தப்புரத்தில் தீ மூளுகின்றது. முதலில் அலறுபவள் வாசவதத்தை. இரக்கமில்லாத தன்னால் விலங்கிடப்பட்ட சாகரிகை உள்ளே எரியப்போகின்றாள், காப்பாற்றுங்கள் என்று கணவனை வேண்டுகின்றாள். அவன் தீயிற் பாய்கின்றான். அவன் பின்னே அவளும் செல்லத் துணிகின்றாள்.

இந்த நேரத்திலே சாகரிகை இன்னாள் என்று தேவிக்குத் தெரியாது. அவளைப் பொறுத்தவரை உள்ளே கிடப்பவள் தன் கணவனைக் கவர்ந்த ஒரு பணிப்பெண்; கடலிற் கிடைத்த ஏதிலி. உறவு தெரிந்ததால் இரங்கினாள் என்றால் அது குலப்பாசம். தெரியுமுன் இரங்கியதனாலேயே நாடகத்தின் முடிவு பொருந்துகின்றது. காதலைப்பற்றிய நாடகத்தில் மிக உயர்ந்த செயலைக் காதலர் இருவரும் செய்யவில்லை. காதலால் இழக்கப்போகின்றவள் செய்கின்றாள். தீ மறைகின்றது, அது மாயவித்தை, அமைச்சனின் ஏற்பாடு. படம் பொய், பறவையின் குரல் இரவல், வேடம் பொய், தீயும் பொய். அவற்றால் வெளிவந்த உள்ளங்கள்தாம் மெய்.

வசுபூதி இளவரசியை அடையாளங் காணுகின்றான். தேவி அவளைத் தங்கையே என்று தழுவுகின்றாள். யாழ்ப்பாணத்து முறைப்படி மாமன் மகள் மச்சாளாவாளேயன்றித் தங்கையாகாள். மச்சாள் முறையோ பகிடிக்குரியது. வடமொழி மரபின் தங்கை முறையே இவ்விடத்துக்கு வேண்டிய கனிவைத் தருகின்றது.

அமைச்சன் வந்து தன் சூழ்ச்சியை விளக்குகின்றான். தலைவனுக்கு நன்மையே செய்தும், அவன் அறியாமற் செய்ததனால் அஞ்சி நிற்கின்றான். பேரரசு கிடைக்கும் என்ற கணக்கிலே தொடங்கிய இக்காதலைக் காதல் என்று சொல்லலாமா என்ற வினா இங்கே எழத்தான் செய்யும். கணக்குப் போட்டவன் அமைச்சன். காதலித்தோர் அக்கணக்கை அறியார் என்பது ஆசிரியர் தரப்பு. ஏற்றுக்கொள்ளத்தக்கதே. ஆயினும் அக்கணக்கிலே செலவெழுதப்பட்டவள் ஒருத்தி உண்டு. முன்பு இறந்தாள் என்று ஊரறியச் சொல்லப்பட்டவளும் அவளே. இன்று கணவனைப் பங்கிடுபவளும் அவளே. அமைச்சன் சுற்றிவளைத்துப் பேசும்போது, இரத்தினாவளியை அவருக்குக் கொடு என்று வெளிப்படையாகவே சொல்லிவிடலாமே என்கின்றாள் தேவி. எல்லாரினும் கூர்மையான அறிவுடையவள் அவள் என்பதற்கு இவ்வொரு வார்த்தை போதும்.

பத்தாம் நூற்றாண்டிலே தனஞ்சயன் எழுதிய தசரூபகமும் அதன் உரையும் நாடக உறுப்புகளுக்கு எடுத்துக்காட்டு வேண்டிய இடங்களிலே இரத்தினாவளியையே அடிக்கடி நாடுகின்றன. எட்டாம் நூற்றாண்டுக் காசுமீரத்திலே தாமோதரகுப்தன் தன் நூலொன்றில் இதன் முதலங்கம் நடிக்கப்பட்டதை வருணித்துள்ளான். கட்டுக்கோப்புக்காக இலக்கணக்காரரும், களிப்புக்காக நடிப்போரும் இதனைப் போற்றினர்.

நடிப்போருக்கு மிக அரிய பாத்திரம் வாசவதத்தையே. திரை விழுமுன் அவள் தன் அணிகலன்களைக் கழற்றி இரத்தினாவளிக்குப் பூட்டி, அவள் கையைப் பிடித்து மன்னனிடம் ஒப்படைக்கின்றாள். மூன்றாம் அங்கத்திலே களவாகத் தேவியின் ஆடையை உடுத்து நின்றவளுக்கு, இப்போது தேவியே தன் கையால் உடுத்தி அணிவிக்கின்றாள். அக்காட்சியிலே தேவி புன்னகை செய்வதா, முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொள்வதா என்பதை ஆசிரியர் எழுதி வைக்கவில்லை. நடிப்பவளின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்.